தெற்கே பாருங்கள்: திருவனந்தபுரத்தில் கட்டுப்படியாகும் வாடகை வீடு

திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்ததும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் வீடு தேடுவது நகரத்தின் வடக்கே கழக்கூட்டத்தில்தான். மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, நாகர்கோவில், எங்கிருந்து போனாலும் இதுதான் வழக்கம். டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகம் அங்கே இருக்கிறது, கூட வேலை பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், செல்போனில் வீடு தேடினாலும் கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், குளத்தூர் என்றுதான் வரிசையாக வருகிறது. வாடகையைக் கேட்டதும் மலைத்துப் போகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது. பிறகு நாலு பேர் சேர்ந்து இரண்டு அறை வீட்டில் ஒடுங்கிக் கிடப்பது, அல்லது தினமும் விடியும் முன்னே எழுந்து ஊரில் இருந்தே ஓடுவது, இந்த இரண்டில் ஒன்று.

கழக்கூட்டத்துக்கும் நம் ஊருக்கும் நடுவில் ஒரு நீண்ட நிலப்பகுதி இருக்கிறது. கரமனையில் தொடங்கி பாறசாலை வரை, ரயில் பாதையை ஒட்டியும் பழைய நெடுஞ்சாலையை ஒட்டியும் கிடக்கிற ஊர்கள். அங்கேதான் வீடு தேட வேண்டும் என்று, கேட்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லிச் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு வேலை கழக்கூட்டத்தில், ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். என் கணவருக்கு சாலை என்ற கடைத்தெருவில், மொத்த வியாபாரக் கடையில். நகரத்தின் இரண்டு முனைகள். கல்யாணமான புதிதில் ஸ்ரீகாரியத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். இப்போது பாலராமபுரத்தில் இருக்கிறோம். நகரத்தின் வடக்கையும் தெற்கையும் குடியிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வடக்கே வாடகை ஏன் ஏறியது என்பது சிக்கலான விஷயம் இல்லை. 1990-இல் டெக்னோபார்க் வந்தது. இன்றைக்கு 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். முதல் வளாகம் போதாமல் இரண்டாவது, மூன்றாவது என்று வளர்ந்து, நான்காவது பள்ளிப்புறத்தில் டெக்னோசிட்டியாக நிற்கிறது. மருத்துவக் கல்லூரி, கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம், விமான நிலையம் எல்லாமே அந்தப் பக்கம்தான். 2021 கடைசியில் ஆக்குளத்தில் லுலு மாலும் திறந்த பிறகு பைபாஸ் ஓரத்து நிலமெல்லாம் வேறு விலைக்குப் போய்விட்டது. அங்கே வீடு கட்டுகிறவர் முதலிலேயே இரண்டு சம்பளம் வரும் ஐ.டி. குடும்பத்தை மனதில் வைத்துத்தான் கட்டுகிறார். ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கும், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவருக்கும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண்ணுக்கும் அங்கே இடம் குறைவு. கவடியார், பட்டம், சாஸ்தமங்கலம் எல்லாம் அதற்கு முன்பே பணக்காரர்களின் பகுதி. அதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

தெற்கு அப்படி இல்லை. அங்கே இருந்து நகரத்துக்கு ஆட்கள் வேலைக்கு வந்து போனது ஐ.டி. வருவதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே. நம் கன்னியாகுமரி மாவட்டமே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் கல்யாண உறவும் கொள்வினை கொடுப்பினையும் எல்லைக் கோட்டுக்கு ஏற்றபடி மாறவில்லை. எங்கள் வீட்டில் ஒரு அத்தை தனுவச்சபுரத்தில், இன்னொருவர் அமரவிளையில். 1979-இல் திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு தினமும் போய் வருகிறவர்கள் பெருகினார்கள். பாலராமபுரத்தில் நெசவாளர் தெருக்களுக்குப் போனால், அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் இருந்து மன்னர் கொண்டுவந்து குடியமர்த்திய சாலியர்களின் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். சாலைக் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ். கரமனையிலும் வலியசாலையிலும் அக்ரஹாரத் தெருக்கள். ஆக, தெற்கே போனால் நாம் அந்நியர் ஆவதில்லை. வாடகைக்கு வீடு தேடுகிறவருக்கு இது பெரிய விஷயம். அறிமுகம் இல்லாத ஊரில் வீட்டுக்காரர் கேட்கிற அட்வான்ஸுக்கும், "இன்னாருடைய மருமகள்" என்று தெரிந்த ஊரில் கேட்கிற அட்வான்ஸுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

சரி, ஊர் ஊராகப் பார்ப்போம்.

கரமனை, கைமனம், பாப்பனங்கோடு மூன்றும் நகரத்துக்குள்ளேயே வருகிறவை. சாலைக் கடைத்தெருவிலோ தம்பானூரிலோ கிழக்கேகோட்டையிலோ வேலை என்றால் இங்கே பார்க்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கரமனை ஆற்றை ஒட்டிய தாழ்வான இடங்களை விட்டுவிடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். வாடகை வடக்கைவிடக் குறைவுதான், ஆனாலும் நகர வாடகைதான்.

நேமம் தாண்டினதும் நிலைமை மாறுகிறது. நேமம் ரயில் நிலையத்துக்கு இப்போது திருவனந்தபுரம் தெற்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கொச்சுவேளியை திருவனந்தபுரம் வடக்கு ஆக்கியதைப்போல. பெயர் மாறினால் நிலத்தின் விலையும் மெல்ல மாறும் என்பதால், இங்கே வீடு பார்க்கிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். நேமத்தில் இருந்து மேற்கே வெள்ளாயணிக் காயலைப் பார்த்துப் போகும் உள்வழிகளில் நல்ல வீடுகள் இருக்கின்றன. வெள்ளாயணி நன்னீர்க் காயல்; சுற்றிலும் வாழைத் தோட்டம், கீரைப் பாத்தி. அங்கே விவசாயக் கல்லூரி இருப்பதால் மாணவர்களுக்கு விடுகிற ஒற்றை அறைகளும் கிடைக்கும். தனியாக இருக்கிற பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். பிரதான ரோட்டுக்கு நடந்து வரும் தூரம் எவ்வளவு என்பதை மட்டும் இரவு நேரத்தில் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்கிறேன். பகலில் பத்து நிமிஷமாகத் தெரிகிற வழி, தெருவிளக்கு இல்லாத ராத்திரியில் வேறு மாதிரி இருக்கும்.

எங்கள் பாலராமபுரத்தைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. சந்திப்பு எப்போதும் நெரிசல்தான். விழிஞ்ஞத்தில் இருந்து காட்டாக்கடைக்குப் போகிற ரோடு நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டுகிற இடம் அது. காலை எட்டரைக்கு அதைத் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். அதனாலேயே பலர் இந்த ஊரை வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் இந்த ஊரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ரயில் நிலையம். வீட்டில் இருந்து நடந்து போய் வண்டி ஏறினால் சந்திப்பின் நெரிசல் எங்களுக்குப் பொருட்டே இல்லை. கைத்தறித் தெருக்களில் பழைய ஓட்டு வீடுகளும், அவற்றுக்குப் பின்னால் பிள்ளைகள் வெளிநாடு போய்ச் சம்பாதித்துக் கட்டிய கான்கிரீட் வீடுகளும் இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பா அம்மா கீழே, மாடி காலி. அந்த மாடிகள்தான் வாடகைக்கு வருகின்றன. அவை எந்தச் செயலியிலும் வருவதில்லை. கேட்டில் ஒரு அட்டை தொங்கும், அல்லது அதுவும் இருக்காது; பக்கத்து மளிகைக் கடையில் கேட்டால்தான் தெரியும்.

எங்கள் வீடும் அப்படித்தான் கிடைத்தது. டீக்கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டோம், அவர் ஒரு சேச்சியைக் காட்டினார், அந்தச் சேச்சி தன் நாத்தனார் வீட்டுக்கு அழைத்துப் போனார். புரோக்கருக்குக் கொடுக்க வேண்டிய ஒரு மாத வாடகை மிச்சம். வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் கேட்டது, "மக்களே, மார்த்தாண்டத்தில எந்தப் பக்கம்?" என்றுதான். அரை மணி நேரம் பேசியதில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு குடும்பம் அகப்பட்டுவிட்டது. நாங்கள் ஸ்ரீகாரியத்தில் கொடுத்த வாடகையில் ஏறக்குறைய பாதிதான் இங்கே. அறைகள் பெரியவை, துணி காயப்போட மொட்டைமாடி, முற்றத்தில் கிணறு.

நெய்யாற்றின்கரை இன்னும் கொஞ்சம் தெற்கே, நகரத்தில் இருந்து 20 கிலோமீட்டர் அளவில். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஒரு முழு ஊர். நகராட்சி இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரிய பஸ் டெப்போ இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு அடிக்கடி கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் உண்டு. ராத்திரி ஒரு மாத்திரை வாங்க நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. வயதான மாமனார் மாமியாரோடு இருக்கிற குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஊரைத்தான். அமரவிளையும் தனுவச்சபுரமும் அதற்கும் அப்பால். வாடகை இன்னும் இறங்கும், ரயில் நிலையமும் உண்டு, ஆனால் ஊருக்கு ஊர் நிற்கும் வண்டிகளை மட்டுமே நம்பி இருக்க வேண்டும். அந்த வண்டி தவறினால் அன்றைக்கு நெடுஞ்சாலைக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

உள்ளே பேயாடு, மலயின்கீழ் பக்கமும் வீடுகள் மலிவு. மலையோரக் காற்று, நல்ல ஊர்கள். ரயில் இல்லை, பஸ்ஸும் டூ வீலரும்தான். வண்டி வைத்திருப்பவர்கள் பார்க்கலாம்.

இனி களியக்காவிளை. நம்மவர்களுக்கு இதில்தான் கணக்கு சுவாரசியமாகிறது. பாறசாலையில் ஒரு வீடு, களியக்காவிளையில் ஒரு வீடு. நடுவில் சில கிலோமீட்டர்தான், வாடகையும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் குடியிருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நம் ஊர் மார்க்கெட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் காசில்லாமல் போய் வரலாம். தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இருக்கிற குடும்பங்களில் தகுதி உள்ள பெண்களுக்கு 2023 முதல் மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை. குறைந்த சம்பளத்தில் திருவனந்தபுரத்தில் வீட்டு வேலைக்கும் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்கும் போகிற பெண்கள் ஏன் இன்னும் இந்தப் பக்கமே குடியிருந்து, பொழுது விடியும் முன்னே 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறார்கள் என்பதற்கு இதுதான் விடை. அவர்களுடைய கணக்கு சரியான கணக்கு. அதற்கு அவர்கள் கொடுக்கிற விலை தூக்கம்.

எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. 2020-இல் கொரோனா வந்தபோது களியக்காவிளையிலும் இஞ்சிவிளையிலும் தடுப்பு போட்டார்கள். இ-பாஸ் இல்லாமல் தாண்ட முடியவில்லை. அன்றாடம் போய் வந்தவர்களில் எத்தனையோ பேர் வேலையை விட்டார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகுதான் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு லேபில் வேலை பார்க்கிறவள், குடும்பத்தோடு நெய்யாற்றின்கரைக்கு மாறினாள். "மைனி, ரேஷனுக்காக வேலையை விட முடியாது" என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தராசு வேறு மாதிரி சாயும்.

போக்குவரத்தைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தெற்கே வீடு பார்ப்பதை நியாயப்படுத்துவதே அதுதான். பாலராமபுரத்தில் இருந்து கழக்கூட்டம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் கரமனை, கிழக்கேகோட்டை, பட்டம், உள்ளூர் என்று நகரத்தின் நெரிசலை முழுக்க விழுங்கிக்கொண்டு போக வேண்டும். ரயிலில் நேமம், திருவனந்தபுரம் சென்ட்ரல், பேட்டை, கொச்சுவேளி, வேளி, அப்புறம் கழக்கூட்டம். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் தூரம் வரை எடுக்கலாம். எங்களுடைய சிறிய தூரத்துக்கு மாதத்துக்கு ஆகிற தொகை, ஆட்டோவில் சில தடவை போவதற்குச் சமம். வாடகையில் மிச்சமாகிற பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கழக்கூட்டம் நிலையத்தில் இறங்கி டெக்னோபார்க்குக்கு ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து போனால் பெரிய செலவில்லை.

குறையும் இருக்கிறது. சென்ட்ரலுக்குத் தெற்கே வெகுகாலமாக ஒற்றைப் பாதை. எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால் நம் வண்டியை ஏதாவது ஒரு நிலையத்தில் ஓரம் கட்டிவிடுவார்கள். இரட்டைப் பாதை வேலை வருஷக்கணக்காக நடந்துகொண்டே இருக்கிறது. சில நாட்களில் வண்டி நேமத்தில் கிராசிங்குக்கு நிற்கிறபோது, ஆபீஸுக்குப் போன் போடும் பெண்களின் முகத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். வருகைப் பதிவு கறாராக இருக்கிற கம்பெனியில் வேலை என்றால், ஒரு வண்டி முன்னதாகப் போகும்படி பழகிக்கொள்ளுங்கள்.

டூ வீலர் இருந்தால் கழக்கூட்டம்-காரோடு பைபாஸ் இருக்கிறது. 43 கிலோமீட்டர், நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். காரோடு என்பது நம் எல்லைக்குப் பக்கம். திருவல்லத்தில் டோல் இருந்தாலும் டூ வீலருக்குக் கட்டணம் இல்லை. இந்த ரோடு வந்த பிறகுதான் பாறசாலையில் இருந்தும் பூவார் பக்கத்தில் இருந்தும் டெக்னோபார்க் போவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமானது. அதே ரோடுதான் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் வழி. 2025 மே மாதம் துறைமுகத்தை முறையாகத் திறந்த பிறகு முக்கோலை, விழிஞ்ஞம் பக்கம் வீட்டுக்காரர்களின் பேச்சே மாறியிருக்கிறது. "கம்பெனிக்காரன் கேட்கான்" என்று சொல்லி வாடகையை ஏற்றுகிறார்கள். அந்தக் கடலோர வரிசையை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

வீட்டைப் பார்க்கப் போகிறபோது தண்ணீரை முதலில் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்பது போதாது. நம் பக்கத்து வீடுகளுக்குக் கிணறுதான் உயிர். மேட்டில் இருக்கிற வீடு அழகாக இருக்கும், காற்று வரும், ஆனால் கிணறு மார்ச் மாதம் அடி தட்டிவிடும். பள்ளத்தில் இருக்கிற வீட்டில் கிணறு வற்றாது, மழை பெய்தால் முற்றம் குளமாகும். இரண்டுக்கும் நடுவில் பாருங்கள். மூடி போட்ட கிணறு என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம், வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் அவரே திறந்து காட்டுவார். கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைவிட முக்கியமாக எதுவும் இல்லை. நெருக்கமாகப் பங்கு போட்ட மனைகளில் பக்கத்து வீட்டின் குழி நம் கிணற்றை ஒட்டி இருக்கும். மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்க்காமல் அது தெரியாது.

வெள்ளத்தைப் பற்றி. 2023 அக்டோபரில் ஒரே ராத்திரி மழையில் தெற்றியாறு நிறைந்து டெக்னோபார்க் வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தது. ஆமயிழஞ்சான் தோடு என்ற ஓடையை ஒட்டிய கண்ணம்மூலை, கௌரீசபட்டம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. வடக்கே அதிக வாடகை கொடுப்பதால் வெள்ளத்தில் இருந்து தப்பிவிட முடியாது என்பதை அந்த மழை எல்லோருக்கும் காட்டியது. தெற்கேயும் கரமனை ஆற்றின் ஓரம், கிள்ளியாற்றின் ஓரம், நெய்யாற்றின் கரையில் தாழ்வான இடங்கள் இதே கதைதான். வீட்டுக்காரரிடம் கேட்டால், "இங்கே வெள்ளம் ஏறாது" என்றுதான் சொல்வார். பக்கத்துக் கடையில் கேளுங்கள்: 2023-இல் தண்ணீர் எதுவரை வந்தது? கையால் சுவரில் காட்டுவார்கள். மதிலின் அடிப்பக்கத்தில் நிறம் மாறிய கோடு இருக்கிறதா என்று நீங்களும் பார்க்கலாம்.

கரண்ட் விஷயத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். கேரளத்தில் வீட்டு மின்கட்டணம் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக ஏறும். முதல் யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை, மேலே போகப் போகக் கூடுதல். 250-ஐத் தாண்டினால் இந்தப் படிகள் எடுபட்டு, முதல் யூனிட்டில் இருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. இப்போது யோசியுங்கள். கீழே வீட்டுக்காரர், மேலே நீங்கள், மீட்டர் ஒன்று. அவருடைய வீட்டில் ஏ.சி., தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின். நீங்கள் இரண்டு ஃபேனும் நாலு லைட்டும் போட்டாலும் மொத்தம் 250-ஐத் தாண்டிவிடும். உங்களுடைய சின்ன உபயோகத்துக்கும் அந்த உயர்ந்த விலை விழும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கோடை மாதங்களில் இப்படிக் கட்டியே வாடகையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் இழந்தது. போர்ஷனுக்குத் தனி கனெக்ஷன் இருக்கிற வீடாகப் பாருங்கள். இல்லை என்றால், சப் மீட்டருக்கு யூனிட் என்ன விலை என்று முன்னாலேயே பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேரளத்தில் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும். பழைய பில்கள் இரண்டைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை.

ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இந்த 11. அது நடைமுறையில் பரவாயில்லை. ஆனால் 11 மாதம் முடிந்ததும் வாடகை எவ்வளவு ஏறும் என்பதை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் வேண்டாம் என்று மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் சொன்னாலும், மாநிலம் அதைத் தன் சட்டமாக்கினால்தான் செல்லும். வீட்டுக்காரரிடம் சட்டம் பேசிப் பயனில்லை, பணிவாகப் பேரம் பேசலாம். தெற்கே அட்வான்ஸில் பேரம் படியும். வடக்கே படிவது அபூர்வம்.

பணயத்துக்கு வீடு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் ஒற்றி என்கிறோமே, அதேதான். லட்சக்கணக்கில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. மாத வாடகையே இல்லை என்பதால் ஆசையாக இருக்கும். வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள், நகையை விற்றுக் கையில் பணம் வைத்திருப்பவர்கள் இதில் இறங்குகிறார்கள். அந்த வீடு ஏற்கெனவே பேங்கில் அடமானத்தில் இருந்தால், கடன் கட்டாமல் பேங்க் வீட்டை எடுக்கிறபோது வெறும் முத்திரைத்தாளில் எழுதிய உங்கள் பணயத்துக்கு எந்தப் பலமும் இருக்காது. வில்லங்கச் சான்றிதழ் எடுக்காமல், பதிவு செய்யாமல், எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் பணம் கொடுக்காதீர்கள். ஒரு அம்மா தன் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க இன்றைக்கும் கோர்ட்டுக்கு அலைகிறார். பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.

வீடு தேடுகிறபோது வேறு சில கேள்விகளும் வரும். என்ன ஜாதி, எந்த மதம், கோயிலா சர்ச்சா, மீன் சமைப்பீர்களா, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வடக்கே இதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், தெற்கே நேராகவே கேட்பார்கள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு இல்லை என்று மறுப்பதை நான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், கணவனை விட்டுப் பிரிந்தவள், கையில் குழந்தை; வாடகை கொடுக்க வசதி இருந்தும் வீடு கிடைக்காமல் மாதக்கணக்கில் ஹாஸ்டலிலேயே இருந்தாள். இது அநியாயம். இதில் அனுசரித்துப் போகச் சொல்லி நான் யாருக்கும் புத்தி சொல்ல மாட்டேன். கடைசியில் அவளுக்கு வீடு கொடுத்தது பள்ளிச்சல் பக்கம் தனியாக இருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் அம்மா. கேள்வி எதுவும் கேட்கவில்லை. "குழந்தை மாடிப்படியில விழாம பாத்துக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே படிக்குக் கதவு வைத்துக் கொடுத்தார். இப்படி வீடு கொடுக்கிறவர்களைத் தெரிந்தால் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். வீடு மாறுகிறபோது, உங்களைப்போல வீடு கிடைக்காமல் தவிக்கிற ஒருவரை வீட்டுக்காரரிடம் அறிமுகப்படுத்திவிட்டு மாறுங்கள்.

இன்னொரு வகைத் தேடலும் உண்டு. அதை யாரும் வீடு தேடுவதாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆர்.சி.சி.க்கு வருகிறவர்கள். 1981-இல் அந்தப் புற்றுநோய் மையம் வந்ததில் இருந்து குமரி மாவட்டத்தில் அங்கே போகாத குடும்பம் குறைவு. ரேடியேஷன் என்றால் வாரக்கணக்கில் தினமும் போக வேண்டும். ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியில் இருதய ஆப்பரேஷனுக்கு வருகிறவர்களும் முன்னும் பின்னுமாகச் சில வாரம் தங்க வேண்டி வரும். மெடிக்கல் காலேஜ், முறிஞ்ஞபாலம், குமாரபுரம் பக்கம் நாள் வாடகை அறைகள் நிறைய. நோயாளியோடு வருகிறவர் தூரம் பார்க்க முடியாது, கிடைத்ததை எடுப்பார். ஒரு மாதத்தில் சிகிச்சைச் செலவுக்குப் பக்கத்தில் அறை வாடகை வந்து நிற்கும். என் மாமியாருக்குச் சிகிச்சை நடந்தபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதல் நாளே ஆஸ்பத்திரியில் சோஷியல் வொர்க்கரைப் பார்த்து, தொண்டு அமைப்புகள் நடத்தும் தங்குமிடம் கிடைக்குமா என்று கேளுங்கள். சிகிச்சை எத்தனை வாரம் என்று டாக்டர் சொன்னதும், நாள் வாடகை அறையை விட்டுவிட்டு, பொங்கும்மூடு, செறுவைக்கல் பக்கத்து உள்தெருக்களில் மாத வாடகைக்குச் சமையல் வசதியோடு ஒரு அறை பாருங்கள். நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஓர் அடுப்பு இருப்பதே பாதி ஆறுதல். நல்ல தெம்போடு இருக்கிறவர், வாரத்தில் ஒரு தடவை மட்டும் போக வேண்டியவர் என்றால் ஊரில் இருந்தே ரயிலில் வரலாம். பேட்டையில் இறங்கினால் ஆட்டோவுக்குத் தூரம் குறைவு.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தமிழில் படிக்க வைக்க நினைத்தால் நகரத்துக்குள் சாலைக் கடைத்தெருப் பக்கம் அரசு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. கரமனை, கிள்ளிப்பாலம், மணக்காடு பக்கம் வீடு எடுத்தால் பக்கம். பாலராமபுரத்துக்குத் தெற்கே என்றால் பெரும்பாலும் மலையாளமோ ஆங்கிலமோதான். எங்கள் மகள் மலையாளம் எழுதப் படிக்கிறாள். தமிழை வீட்டில் நான் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த ஒரு விஷயத்துக்காகவே களியக்காவிளைப் பக்கம் தங்கிவிடுகிற குடும்பங்களும் உண்டு, அதையும் குறை சொல்ல முடியாது.

இங்கே வீடு காலியாவது பெரும்பாலும் பள்ளி லீவில்தான். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பதால் மே மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். வாடகையும் அப்போதுதான் ஏறும். ஏப்ரல் நடுவிலேயே போய்ப் பாருங்கள். கோடையின் உச்சம் அது. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது அப்போது ஒளிவுமறைவில்லாமல் தெரியும். காலையில் ஏழு மணி வண்டிக்குக் குழித்துறையிலோ நெய்யாற்றின்கரையிலோ ஏறி, ஒரு நிலையத்தில் இறங்கி, ஸ்டேஷனில் இருந்து நடந்து போகிற தூரத்துக்குள் இருக்கிற டீக்கடை, மளிகைக் கடை, ரேஷன் கடை, சர்ச் ஆபீஸ், கோயில் கமிட்டி எல்லா இடத்திலும் கேளுங்கள். கேட்கிறபோது எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள். பாலராமபுரம், நேமம், நெய்யாற்றின்கரை மூன்றில் எது உங்களுக்குச் சரி என்று சந்தேகம் இருந்தால், வேலை எங்கே, வீட்டில் யார் யார் என்பதைக் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.